பந்தய மிதிவண்டியின் மிதிதண்டு

மிதிவண்டியைக் காண்போர் கண்ணில் முதலில் படுவன அதன் இரு சக்கரங்களே. அடுத்து, வளைந்த கைப்பிடியும் சிறிய இருக்கையும் கருத்தைக் கவரும். ஓட்டுபவரின் காலடியில் எண்ணெயும் புழுதியும் படிந்து, ஓயாது சுழலும் இரண்டு குறுந்தண்டுகளை ஊன்றி நோக்குவோர் மிகச் சிலர். ஆயினும், ஓட்டுபவரின் உடல்வலிமை முழுவதும் வண்டிக்குள் புகும் வாயில் அவையே. நெஞ்சு விம்ம மூச்சு வாங்கியும், தொடைத் தசைகள் இறுகித் தளர்ந்தும் மனிதன் ஈட்டும் ஆற்றலில் ஒரு துளியேனும் வேறு வழியாகச் சக்கரத்தைச் சென்று சேர்வதில்லை. அத்தண்டுகள் வளைந்து கொடுத்தால் ஆற்றல் சிதறும். முறிந்தால் ஓட்டுபவர் தலைகீழாக வீழ்வார். சாலைப் பந்தயங்களில் ஓடும் வண்டிகளுக்கென இத்தண்டுகளைச் செய்வோர், ஒன்றரை நூற்றாண்டாக இவ்விரண்டு தீங்குகளுக்கும் இடையே வழி தேடி வருகின்றனர்.

இத்தண்டினை மிதிதண்டு என்று கூறலாம். மிதிவண்டிக் கடைக்காரர் வழக்கில் இது கிராங்க் எனப்படும். இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு மிதிதண்டுகள், அவற்றை இணைக்கும் ஓர் அச்சு, வலத்தண்டோடு பொருந்திய பல்சக்கரம் ஆகியவை சேர்ந்ததே மிதிதண்டுத் தொகுதி. வண்டிச் சட்டத்தின் அடிப்பகுதியில் குறுக்காக அமைந்த ஒரு குழலுக்குள், எஃகுக் குண்டுகள் நிறைந்த தாங்கிகளின் துணையால் அச்சு சுழலும். ஒவ்வொரு தண்டின் வெளிமுனையிலும் பெடல் எனப்படும் மிதிகட்டை திருகப்பட்டிருக்கும். நம் தெருக்களில் ஓடும் எளிய வண்டியில் பல்சக்கரம் ஒன்றே உண்டு. பந்தய வண்டியிலோ பெரியதும் சிறியதுமாக இரண்டு இருத்தல் பெருவழக்கு. சமவெளியில் விரைவதற்குப் பெரியது, மலையேறுவதற்குச் சிறியது.

மிதிதண்டு ஒரு நெம்புகோலேயன்றி வேறன்று. பந்தய வண்டியில் அதன் நீளம் பெரும்பாலும் 165 முதல் 175 மி.மீ. வரை இருக்கும், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு எனலாம். இச்சிறு நெம்புகோல் செய்யும் வேலையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 70 கிலோகிராம் எடையுள்ள வீரர் ஒருவர் செங்குத்தான மலைச்சாலையில் ஏறுகின்றார். அவர் இருக்கையிலிருந்து எழுந்து, கிடைமட்டமாக நிற்கும் தண்டின் மிதிகட்டைமீது தம் எடை முழுவதையும் ஊன்றுகின்றார். சங்கிலி அப்போது 34 பற்களுடைய சிறிய சக்கரத்தின்மேல் கிடக்கின்றது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. நீளமுடையது, ஆதலின் அச்சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 69 மி.மீ. ஆகும். 172.5 மி.மீ. நீளமுள்ள தண்டு இதனினும் இரண்டரை மடங்கு நீண்டது. ஆகவே, 70 கிலோகிராம் எடை சங்கிலியில் 175 கிலோகிராம் எடைக்கு ஒப்பான இழுவிசையாகப் பெருகுகின்றது. சுண்டுவிரல் பருமனும் இல்லாத சங்கிலி, இரண்டு ஆட்களைத் தூக்கும் அளவுக்கு இறுகுகின்றது என்றால், அதனை இழுக்கும் தண்டும் அச்சும் எத்துணை உறுதியுடையனவாக இருத்தல் வேண்டும்!

அதே வீரர் சமவெளியில் 53 பற்களுடைய பெரிய சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றினால் விசை குறையும், விரைவு மிகும். பின்சக்கரத்தில் 11 பற்களுடைய சிறிய வட்டு பொருந்தியிருப்பின், மிதிதண்டு ஒருமுறை சுழல, பின்சக்கரம் ஐந்துமுறைக்குச் சற்றே குறைவாகச் சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர். எனவே, ஒரு சுழற்சியில் வண்டி ஏறத்தாழ 10 மீட்டர் தூரம் பாயும். நிமிடத்திற்கு 90 சுழற்சி என்பது தேர்ந்த வீரர்க்கு இயல்பான நடை. அந்நடையில் மணிக்கு 54 கிலோமீட்டருக்கு மேல் வண்டி விரையும். மலையேற்றத்தில் 34 பற்களுடைய சக்கரத்தைப் பின்னே 30 பற்களுடைய வட்டோடு இணைத்தால், ஒரு சுழற்சிக்கு 2.4 மீட்டர்தான் கிட்டும். கால்கள் சுழலும் வேகம் மாறாதிருக்க, வண்டியின் வேகம் மட்டும் நிலத்துக்கேற்ப மாறுகின்றது.

இத்துணைச் சிறந்த உறுப்பு, மிதிவண்டியின் முன்னோடியில் இல்லவே இல்லை. செருமனி நாட்டு மன்ஹைம் நகரில் 1817-ஆம் ஆண்டு கார்ல் டிரைஸ் என்பார் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்கு மிதிகட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. அதில் ஏறி அமர்ந்தவர், நடப்பவரைப் போலவே நிலத்தைக் காலால் உந்தி உந்திச் சென்றார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1860-களில், பாரிசு நகரில் பியேர் மிஷோ என்பாரின் பட்டறையில் முன்சக்கரத்தின் அச்சில் மிதிதண்டுகளைப் பொருத்திய வண்டிகள் உருவாயின. கால் நிலத்தைத் தொடாமல் வண்டி ஓடுவதைக் கண்ட மக்கள் வியந்தனர். 1869-ஆம் ஆண்டு பாரிசிலிருந்து ரூவான் நகர் வரை நிகழ்ந்த நெடும்பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் என்னும் ஆங்கிலேயர் வென்றது இத்தகைய வண்டியைச் செலுத்தியேயாகும்.

ஆனால், சக்கரத்தின் அச்சிலேயே தண்டு பொருந்தியிருந்தமையால் ஒரு பெருந்தடை நேர்ந்தது. கால் ஒருமுறை சுழன்றால் சக்கரமும் ஒருமுறைதான் சுழலும். விரைவு வேண்டுமாயின் சக்கரத்தைப் பெரிதாக்குவதன்றி வேறு வழி இல்லை. ஆகவே, முன்சக்கரம் ஆளுயரத்தை நெருங்கி வளர்ந்தது. பின்சக்கரம் பெயருக்குச் சிறுத்தது. 1870-களில் இங்கிலாந்தில் பெருகிய இந்த உயர்வண்டிகளில், ஓட்டுபவரின் கால் நீளமே சக்கரத்தின் பெருமைக்கு எல்லையாயிற்று. நெட்டையர் விரைந்தனர், குட்டையர் பின்தங்கினர். சக்கரத்தின் உச்சியில் வீற்றிருந்தவர், வழியில் ஒரு கல் தடுக்கினும் தலைகுப்புற வீழ்ந்தார். பந்தயத்தின் முடிவைத் தாய் தந்தையர் அளித்த உடலுயரமே முற்கூட்டி வகுத்துவிடுமாயின், அதனைப் பந்தயம் என்பது எங்ஙனம்?

இத்தடையை உடைத்தது சங்கிலி. மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த ஹான்ஸ் ரெனால்ட் என்பார் 1880-ஆம் ஆண்டு உருளைச் சங்கிலியைச் செம்மையாக வடித்துத் தந்தார். 1885-ஆம் ஆண்டு காவென்றி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், ஏறக்குறைய ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட ரோவர் வண்டியை வெளியிட்டார். மிதிதண்டு முன்சக்கரத்தை விட்டிறங்கி, இரு சக்கரங்களுக்கும் நடுவே தனக்கெனத் தனி அச்சும் இடமும் பெற்றது அவ்வண்டியிலேயேதான் நிலைத்த வழக்காயிற்று. இன்றும் அது அவ்விடத்திலேயே உள்ளது. சக்கரத்தின் அளவு இனி விரைவுக்குத் தடையன்று. பற்களின் எண்ணிக்கையை மாற்றினால் போதும்.

இடம் கிடைத்தது, ஆயின், தண்டை அச்சோடு பிணைப்பது எவ்வாறு? பழைய முறையில், அச்சின் முனையில் ஒருபுறம் தட்டையாகச் சீவி, தண்டின் துளைக்குள் செலுத்தி, இரண்டையும் ஊடுருவுமாறு ஆப்பு வடிவான எஃகு முளை ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறுக்குவர். காட்டர் பின் என்று கடைக்காரர் கூறும் அம்முளையை, நம் நாட்டில் பால்காரரும் தபால்காரரும் ஏறிச் சென்ற வண்டிகளில் எல்லோரும் கண்டிருப்பர். எளியது, மலிவானது, ஊர்தோறும் பழுதுபார்க்கத் தக்கது என்னும் சிறப்புகள் அதற்கு உண்டு. ஆனால், முளை தேய்ந்தால் தண்டு ஆடத் தொடங்கும். மேலும், எஃகுத் தண்டுக்கே அம்முறை ஏற்றது. எடை குறைந்த அலுமினியத்தில் முளையை அடித்து இறுக்கினால் துளை நசுங்கிவிடும்.

பிரான்சு நாட்டு ஸ்டிராங்லைட் நிறுவனம் 1933-ஆம் ஆண்டு இதற்கொரு தீர்வு கண்டது. அச்சின் முனைகளை நாற்சதுரமாகவும் முனை நோக்கிச் சிறிதே கூம்புமாறும் அமைத்தனர். அலுமினியக் கலவைத் தண்டிலும் அதே வடிவத்தில் துளை செய்து, அதனை அச்சின்மேல் செலுத்தி, முனையில் திருகாணியால் இறுக்கினர். இறுக்க இறுக்கத் தண்டு கூம்பின்மேல் ஏறிக் கவ்விக்கொள்ளும். முளைக்கு வேலை இல்லை. வெளிப்பார்வைக்கு மிகச் சிறிய மாற்றமே இது. எனினும், பந்தய வண்டியில் எஃகுத் தண்டு மறைந்து அலுமினியத் தண்டு வந்தது இதன் பயனே. இத்தாலி நாட்டு விசென்சா நகரத்துக் காம்பக்னோலோ நிறுவனம் 1958-ஆம் ஆண்டு வெளியிட்ட ரெக்கார்டு என்னும் தொகுதி இம்முறையைத் தழுவியதே. பல ஆண்டுகள் ஐரோப்பியப் பந்தய வீரர் பலரின் கால்கள் சுழற்றியது அந்தத் தண்டையும் அதன் வழிவந்தவற்றையுமே.

இவ்விடத்தில், எளிய வண்டிக்கும் விலையுயர்ந்த பந்தய வண்டிக்கும் பொதுவான ஒரு வியப்பைக் குறிப்பிடுதல் தகும். வலப்பக்க மிதிகட்டையை இறுக்க வலஞ்சுழியாகத் திருக வேண்டும். இடப்பக்க மிதிகட்டையையோ இடஞ்சுழியாகத் திருகினால்தான் இறுகும். இதனை அறியாதவர் இடக்கட்டையைக் கழற்ற முயன்று மேலும் மேலும் இறுக்கிவிட்டு வியர்த்து நிற்பதைக் கடைகளில் காணலாம். காரணம் இதுவே: தண்டு சுழலுந்தோறும் மிதிப்பின் அழுத்தம் துளையின் விளிம்பைச் சுற்றி நகர்ந்து, மிதிகட்டையின் அச்சைச் சிறிது சிறிதாகத் திருப்ப முயல்கின்றது. இடப்பக்கத்தில் அத்திருப்பம் வலப்பக்கத்திற்கு எதிரான திசையில் நிகழும். இருபக்கமும் ஒரே திருகு அமைந்திருந்தால், ஓட்டத்தினிடையே இடக்கட்டை தானே கழன்று வீழ்ந்துவிடும்.

மற்றொரு குறை, இன்றும் முற்றத் தீராதது. தண்டு கிடைமட்டமாக நிற்கும்போது மிதியின் வலிமை முழுதும் பயன்படுகின்றது. அது செங்குத்தாக, ஒரு கால் உச்சியிலும் மறுகால் அடியிலும் நிற்கும்போது, எத்துணை மிதிப்பினும் சுழற்சிக்குப் பயனில்லை. விசை அச்சை நேரே அழுத்துமேயன்றிச் சுழற்றாது. இச்செயலற்ற நிலையைக் கடக்கப் பல்சக்கரத்தையே வட்டமாக இன்றிச் சிறிது நீண்ட வடிவில் செய்து பார்த்தனர். ஜப்பானிய நிறுவனமாகிய சிமானோ 1983-ஆம் ஆண்டு பயோபேஸ் என்னும் பெயரில் அத்தகைய சக்கரத்தை வெளியிட்டது. சில ஆண்டுகளில் அது வழக்கொழிந்தது. பின்னர், வேறோர் அமைப்பில் நீண்ட சக்கரத்தைப் பூட்டிய வண்டியில் ஆங்கில வீரர் பிராட்லி விக்கின்ஸ் 2012-ஆம் ஆண்டு டூர் டி பிரான்சு பந்தயத்தை வென்றார். ஆயினும் பெரும்பாலோர் வட்டச் சக்கரத்தையே விரும்புகின்றனர். வென்றது சக்கரமோ வீரரோ என்று பிரித்தறிதல் எளிதன்று.

தண்டின் நீளத்திலும் கருத்து மாறி வருகின்றது. நெடுந்தண்டு நல்ல நெம்புகோல் என்பது பழைய கொள்கை, ஆகவே 172.5 மி.மீ. அளவும் 175 மி.மீ. அளவும் வீரரிடையே பெருவழக்காயின. ஆனால், தண்டு நீளமாயின் கால் உச்சிக்கு வரும்போது முழங்கால் மிகவும் மடங்கி, குனிந்திருக்கும் வீரரின் நெஞ்சை நெருங்கும். மூச்சும் இடுப்பும் ஒருங்கே இடர்ப்படும். நெம்புகோல் குறுகியதால் நேரும் இழப்பைப் பற்களின் எண்ணிக்கையை மாற்றி ஈடுசெய்யலாம். மடங்கிய இடுப்புக்கு அத்தகைய மாற்று இல்லை. ஸ்லோவீனியா நாட்டு வீரர் தடேய் பொகாச்சர் 165 மி.மீ. தண்டோடு 2024-ஆம் ஆண்டு இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தையும் டூர் டி பிரான்சையும் வென்றபின், குறுந்தண்டை நாடுவோர் பெருகினர்.

ஓட்டுபவரின் ஆற்றல் புகும் வாயில் மிதிதண்டே ஆதலின், அதனை அளப்பதற்கும் ஏற்ற இடம் அதுவே. செருமானியப் பொறியறிஞர் உல்ரிக் சோபெரர் 1986-ஆம் ஆண்டு இக்கருத்தைச் செயலாக்கினார். அவர் தண்டையும் பல்சக்கரத்தையும் இணைக்கும் பகுதியில் மெல்லிய மின்கம்பி அளவிகளை ஒட்டினார். கண்ணுக்குப் புலப்படாத அளவு உலோகம் நெளிந்தாலும் அவ்வளவிகளின் மின்தடை மாறும். அம்மாற்றத்தையும் சுழற்சி வேகத்தையும் கொண்டு ஆற்றலைக் கணிக்கலாம். தேர்ந்த வீரர் ஒருவர் ஒருமணி நேரம் அளவும் ஏறத்தாழ 400 வாட் ஆற்றலைத் தொடர்ந்து தரவல்லவர். நிமிடத்திற்கு 90 சுழற்சி என்னும் நடையில், இது மிதிகட்டையில் இடைவிடாத 25 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். முடிவுக்கோட்டை நெருங்கும் இறுதிப் பாய்ச்சலில் சில நொடிகள் 1500 வாட் வரை எழும்போதோ, கைகளால் கைப்பிடியை இழுத்துக்கொண்டு மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் உடலின் எடையையும் விஞ்சும்.

இத்துணை விசையைத் தாங்க வேண்டுமாயின் தண்டைப் பருமனாகச் செய்துவிடலாமே என்று தோன்றும். பருமனாக்கினால் எடை மிகும். மலைச்சாலையில் ஒவ்வொரு கிராமையும் வீரர் தம் கால்வலிமையாலேயே மேலே ஏற்ற வேண்டும். எடை குறைப்பில் நிறுவனங்கள் கொண்ட வேட்கை எல்லை கடந்தது. இதனைக் கண்ட உலக மிதிவண்டிச் சங்கம், பந்தய வண்டியின் எடை 6.8 கிலோகிராமுக்குக் குறைதல் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி வகுத்தது. மெலிந்த தண்டுக்கு வேறொரு குறையும் உண்டு. அது மிதிக்குந்தோறும் வில்போல் வளையும். வளைந்தது நிமிரும்போது ஆற்றலில் ஒரு பகுதி திரும்புமெனினும், வீரரின் காலுக்கு அது சேற்றில் நடப்பது போன்ற சோர்வைத் தரும். ஆகவே எடை குறைவாகவும் இருத்தல் வேண்டும். வளையாமலும் இருத்தல் வேண்டும். ஒன்றோடொன்று முரணும் இவ்விரண்டு வேண்டுகோளுக்கும் விடையாக வந்ததே உட்புழை.

ஜப்பானில் ஒசாகாவிற்குத் தெற்கே சக்காய் என்னும் பழைய துறைமுக நகர் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் துப்பாக்கிகளும் பின்னர் நல்ல கத்திகளும் வடித்துப் பெயர்பெற்ற கொல்லர்களின் ஊர் அது. அவ்வூரில் 1921-ஆம் ஆண்டு சிமானோ சோசபுரோ என்பார் தொடங்கிய சிறு பட்டறையே இன்று உலகெங்கும் மிதிவண்டி உறுப்புகளை விற்கும் சிமானோ நிறுவனம். பந்தய வண்டிகளுக்கென டூரா ஏஸ் என்னும் உறுப்பு வரிசையை அது 1973-ஆம் ஆண்டு வெளியிட்டது. 1990-களில் அவ்வரிசைத் தண்டுகளை உள்ளே வெற்றிடமாக அடித்து உருவாக்கும் முறையை அந்நிறுவனம் கைக்கொண்டது.

உள்ளீடற்ற ஒன்று எங்ஙனம் உறுதியாகும் என ஐயுறலாம். விடை நம் வேலியோரத்து மூங்கிலில் உள்ளது. வயிரத்தைப் புறத்தே உடையவற்றைப் புல் எனவும், அகத்தே உடையவற்றை மரம் எனவும் தொல்காப்பியர் பிரித்துக் கூறினார். மூங்கில் புறவயிரமுடையது, ஆதலின் அது புல்லினம். தண்டொன்றை வளைக்கும்போதும் முறுக்கும்போதும் அதன் புறப்பகுதியே பெருஞ்சுமையைத் தாங்குகின்றது. நடுப்பகுதி பெரும்பாலும் வாளா இருக்கின்றது. அந்நடுப்பகுதியை அகற்றி, அவ்வுலோகத்தைப் புறத்தே விரித்து அமைத்தால், அதே எடையில் மிக்க உறுதி கிட்டும். வட்டமான தண்டின் விட்டத்தை இருமடங்காக்கினால், முறுக்கத்தை எதிர்க்கும் அதன் ஆற்றல் பதினாறு மடங்காகும். உலோகத்தைக் குறைத்து உறுதியைப் பெருக்கும் இந்நெறியைக் கொல்லர் அறியுமுன்னரே புல் அறிந்திருந்தது.

தண்டைப் போலவே அச்சும் புழையுடைய குழலாயிற்று. பழைய சதுரமுனை அச்சு, சட்டத்தின் குழலுக்குள் தாங்கிகளோடு அடங்க வேண்டியிருந்தமையால் பருக்க இடமில்லை. 2003-ஆம் ஆண்டையொட்டிச் சிமானோ நிறுவனம் தாங்கிகளைச் சட்டத்தின் புறத்தே இருபக்கமும் நிறுத்தி, 24 மி.மீ. விட்டமுள்ள குழலச்சை வலத்தண்டோடு நிலையாகப் பிணைத்தது. இடத்தண்டு மட்டும் கழற்றி மாட்டத்தக்கதாக அமைந்தது. வேறு நிறுவனங்கள் கரியிழையால் தண்டு செய்தன. பல்சக்கரங்களோடு கூடிய உயர்தரத் தொகுதியின் எடை இன்று ஏறத்தாழ 600 முதல் 700 கிராம்.

எடை குறைந்தது, உறுதி குறையவில்லை. ஆயின் உலோகத்திற்கு வேறொரு பகை உண்டு, அது காலம். மிகுபாரம் ஏற்றிய வண்டியின் அச்சு ஒரே நொடியில் முறிவதை உலகம் அறியும். தாங்கத்தக்க சிறு பாரமே மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும்போதும் உலோகம் முறியும் என்பதைப் பொறியறிஞர் உணர்ந்தது இருப்புப்பாதை வந்தபின்னரே. 1842-ஆம் ஆண்டு பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசு நோக்கி வந்த புகைவண்டியின் எஞ்சின் அச்சு முறிந்து, வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றேறித் தீப்பற்றி, ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். அதன்பின் செருமானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி ஆராய்ந்து, எத்துணைப் பாரத்தில் எத்துணைச் சுழற்சிக்குப்பின் உலோகம் முறியும் என்று அட்டவணைப்படுத்தினார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் முன்னோர் கூறியதை அவர் எண்களால் காட்டினார் எனலாம். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குக் கீழ்ப்பட்ட பாரத்தை அது எண்ணற்ற முறை தாங்கும். அலுமினியத்திற்கோ அத்தகைய திட்டமான எல்லை இல்லை. பாரம் சிறிதாயின் அதன் வாழ்நாள் நீளுமேயன்றி முடிவிலதாகாது.

இதனை மிதிதண்டோடு பொருத்திப் பார்க்கலாம். ஐந்து மணிநேரம் நிகழும் ஒருநாள் பந்தயத்தில், நிமிடத்திற்கு 90 சுழற்சியாகத் தண்டு 27,000 முறை சுழலும். பயிற்சியும் பந்தயமுமாக ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் செல்லும் வீரரின் தண்டு 40 இலட்சம் முறைக்குமேல் வளைந்து நிமிரும். வியர்வையின் உப்பு மேலிருந்து சொட்டும். மழைக்காலச் சாலையின் நீர் கீழிருந்து தெறிக்கும்.

2012-ஆம் ஆண்டு முதல் சிமானோ நிறுவனம், டூரா ஏஸ், உல்டெக்ரா என்னும் தன் உயர்வரிசைகளில், தண்டை இருபகுதிகளாகச் செய்து, நடுவே வெற்றிடம் அமையுமாறு வலிய பசையால் ஒட்டும் முறையைக் கையாண்டது. ஒட்டுவாய் தெரியாத அத்தண்டு அழகியது, உறுதியானது, எடை குறைந்தது. அதனைப் பூட்டிய வண்டிகளில் உலகின் தலைசிறந்த வீரர் பலர் வெற்றிவாகை சூடினர். ஆயினும், ஆண்டுகள் சில செல்ல, சில தண்டுகளில் அவ்வொட்டு விடத் தொடங்கியது. ஒட்டுவாயில் நீரும் உப்பும் நுழைந்து உலோகத்தை அரித்ததே காரணம் என்று பொறியறிஞர் பலர் கருதினர். உட்புழையில் நிகழும் அரிப்பைப் புறத்தே நின்று காண்பது அரிது. மூங்கிலுக்குள் புகுந்த வண்டு துளைப்பதை வெளியிலுள்ளோர் அறியாதது போன்றது அது. பிளவு முற்றியபின், வீரர் முழுவலிமையோடு மிதிக்கும் நொடியிலேயே தண்டு இரண்டாகப் பிரியும். மெல்ல மிதிக்கும்போது முறியாமல், விரைந்து செல்லும்போதும் மலையேறும்போதுமே முறிவது இவ்விபத்தின் கொடுமை.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நிறுவனம், 2019-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை தான் செய்த அத்தகைய தண்டுகளைச் சோதித்து, குறையுள்ளவற்றை மாற்றித் தருவதாக அறிவித்தது. உலக முழுவதும் சோதிக்க வேண்டியவை ஏறத்தாழ 28 இலட்சம். அவற்றுள் 6,80,000 தொகுதிகள் அமெரிக்க நாட்டில் விற்கப்பட்டவை. தண்டு பிரிந்ததாக 4,500-க்கு மேற்பட்ட முறையீடுகளும், எலும்பு முறிவு, மூட்டு விலகல் முதலிய காயங்கள் அறுவருக்கு நேர்ந்தமையும் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்பில் கூறப்பட்டன. சோதனை முடியும்வரை வண்டியை ஓட்டுதல் கூடாது என்றும் அவ்வறிவிப்பு எச்சரித்தது. 28 இலட்சத்தோடு ஒப்பிட 4,500 சிறு எண்ணே. ஆயின், மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவில் கால் மிதிகட்டையோடு கழன்று செல்லும் ஒருவருக்கு அவ்வொப்பீடு எவ்வகையில் உதவும்?

சோதனை கடைக்காரரிடம் விடப்பட்டது. தண்டு எந்த ஆண்டில், எந்தத் திங்களில் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் இரண்டெழுத்துக் குறி அதன் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். முதலில் அக்குறியைக் காண வேண்டும். பின்னர் தண்டின்மேல் படிந்த எண்ணெயையும் புழுதியையும் நன்கு துடைத்து, இருபகுதிகளும் சேரும் வாயில் மயிரிழை போன்ற கோடேனும் உளதா என்று விளக்கொளியில் நோக்க வேண்டும். மிதிக்கும்போது நெறுநெறுவென்னும் ஒலி எழுகின்றதா என்பதும் கேட்டறியப்படும். அவ்வொலியை அச்சுத் தாங்கியின் ஒலியென்று எண்ணி, எண்ணெய் இட்டு அமைதியுறுதல் ஓட்டுபவரின் இயல்பு. பிளவின் அடையாளம் காணப்பட்டால் புதிய தொகுதி விலையின்றி வழங்கப்பட்டது. காணப்படாவிடில், அதே தண்டோடு வண்டி உரியவரிடமே ஒப்படைக்கப்பட்டது.